செய்தியும் சார்பும்: யாழ்ப்பாணத்துச் சமயப் பத்திரிகைகள் தரும் பாடம்

ஏட்டில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் ஒருவர் கூற்று ஓர் ஊர் கடந்து மற்றோர் ஊரைச் சேர்வதற்கு மாதங்கள் சென்றன. படியெடுப்போன் கைக்கும், அதனை வாங்கி வாசிப்போன் கண்ணுக்கும், அக்கூற்றை ஆறியிருந்து ஆராய அவகாசம் இருந்தது. அச்சியந்திரம் வந்ததும் அவகாசம் குறைந்தது, நம்பிக்கையோ கூடியது. "பேப்பரிலே போட்டிருக்கிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் திண்ணையில் நடந்த வழக்கு அத்துடன் முடிந்துவிடும். இன்று அந்தப் பேப்பரின் இடத்தைக் கைத்தொலைபேசியின் திரை பிடித்திருக்கின்றது. கருவி மாறியதேயன்றி, கண்டதை நம்பும் இயல்பு மாறவில்லை.

செய்தி என்பது நடந்ததைச் சொல்வது. சார்பு என்பது சொல்பவன் எந்தப் பக்கத்தில் நின்று சொல்கின்றான் என்பது. இவ்விரண்டையும் பிரித்தறியும் பயிற்சியைப் பிறநாட்டு நூல்களிலேதான் தேடவேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணத்திற் பத்திரிகை வளர்ந்ததே சமய வாதத்தின் மடியில். அந்த வரலாற்றை ஒழுங்காகப் படிப்போமாயின், எழுத்து நம் மனத்தை இழுக்கும் வழிகள் நம் வீட்டு முற்றத்திலேயே காணக்கிடைக்கும். அவற்றை முதலிற் பிறரிடமும் பின்னர் நம்மிடமும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாரகை உதித்த வரலாறு

அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். 1820இல் அச்சுத்தொழில் வல்லவராகிய ஜேம்ஸ் கரெற் என்பவர் அவர்களிடம் வந்து சேர்ந்தார். அமெரிக்கர் மேலும் பெருகுதலை விரும்பாத பிரித்தானிய ஆட்சி, சேர் எட்வேட் பாண்ஸின் கட்டளைப்படி அவரை நாட்டைவிட்டு அனுப்பியது. அச்சுப்பொறி நல்லூரிலிருந்த சேர்ச் மிஷனாரிடம் சென்றது. 1834ஆம் ஆண்டளவிலேதான் மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் அச்சியந்திரசாலை வேலை தொடங்கிற்று.

அங்கிருந்து 1841 ஜனவரி 7ஆம் நாள் "உதயதாரகை" வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே தாங்கி, மாதம் இருமுறை வந்த பத்திரிகை அது. கல்வி, விஞ்ஞானம், சரித்திரம், சமயம், செய்தி ஆகிய எல்லாம் அதிலே இடம்பெற்றன. அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவர். பெயரைக் கேட்போர் வெள்ளைக்காரர் என்றே எண்ணுவர். உண்மையில் இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற யாழ்ப்பாணத் தமிழர். மிஷன் பாடசாலைப் பிள்ளைகளைப் பணங்கொடுத்துத் தாங்கிய அமெரிக்க அன்பர், தாம் மதித்த பெரியோர் பெயர்களை அப்பிள்ளைகளுக்கு இடுவிக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது.

இச்சிறு செய்தியிலேயே முதற் பாடம் அடங்கியிருக்கின்றது. எழுதியவர் பெயரை மாத்திரம் பார்த்து எழுத்தின் சார்பை முடிவுசெய்யலாகாது. எழுதியவர் எங்கே கற்றார், அச்சுச் செலவை யார் கொடுத்தார், யார் வாசிக்க எழுதப்பெற்றது என்னும் மூன்றையும் கேட்டல் வேண்டும். அமெரிக்க மிஷனின் தலைமைச் சங்கம் பொஸ்ரன் நகரில் இருந்தது. "மிஷனரி ஹெரல்ட்" என்னும் ஏட்டையும் நடத்தியது. யாழ்ப்பாணத்துப் பாதிரிமாரின் கடிதங்கள் அதிலே அச்சாயின. அவற்றை வாசித்தவர்கள் கொடையாளர்கள். இந்நாடு இருளில் இல்லை என்று எழுதினால் அவர்கள் கொடுக்கவேண்டிய தேவை தோன்றாது. வேலை சிறிதும் பலிக்கவில்லை என்று எழுதினாலும் கை மடங்கிவிடும். ஆகவே இருளும் மிகுதி, விடியலும் அண்மை என இரண்டையும் ஒருங்கே எழுதவேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. அவர்களைப் பொய்யர் என்று சொல்லவேண்டியதில்லை. எவர் கையிலே பை இருக்கின்றதோ, அவர் கண்ணுக்கேற்ப எழுத்தின் நிறம் மாறுதல் எந்நாட்டிலும் உள்ள வழக்கம்.

பெயரே வாதமாதல்

1937ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் பிரசார ஆய்வுக் கழகம் ஒன்று அமைக்கப்பட்டது. ஐரோப்பாவில் சர்வாதிகாரிகளின் பிரசாரம் ஓங்கிய காலம் அது. இழிபெயர் சூட்டல், மினுக்குச் சொல் பெய்தல், ஒன்றன் மதிப்பை மற்றொன்றுக்கு மாற்றல், பெரியார் வாய்மொழி காட்டல், எளியவன்போல் வேடமிடல், ஒருபக்கச் சான்றையே அடுக்கல், எல்லாரும் வருகின்றார் நீயும் வா எனல் என ஏழு உத்திகளை அக்கழகம் வகுத்தது. கழகம் 1942இல் மறைந்தது. அந்த ஏழும் இன்றுவரை பாடசாலைகளிற் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் நம் வரலாற்றில் நன்கு விளங்கும் நான்கினை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலிரண்டும் பெயரைப் பற்றியன. பாதிரிமார் எழுத்துக்களிற் சைவர் "அஞ்ஞானிகள்" எனப்பட்டனர். ஒருவன் அறிவில்லாதவன் என்று பெயரிலேயே முடிவாகிவிட்டால் அவன் கூற்றை ஆராயவேண்டிய தொல்லை இல்லை. இஃது இழிபெயர் சூட்டல். தம் பக்கத்துக்கோ ஒளியும் சத்தியமும் பெயராயின. உதயதாரகை என்றால் விடிவெள்ளி. இருள் எது என்று தனியே சொல்லவேண்டியதில்லை. 1876இல் கத்தோலிக்கர் தொடங்கிய பத்திரிகை "சத்தியவேத பாதுகாவலன்". வேதம் எது சத்தியம் என்னும் வழக்கு, முதற்பக்கத்தின் தலைப்பிலேயே தீர்ந்துவிடுகின்றது. 1888இல் நிறுவப்பெற்ற சைவ பரிபாலன சபை, 1889இல் "இந்துசாதனம்" பத்திரிகையைத் தொடங்கியது. ஆங்கிலத்தில் அது "ஹிந்து ஓர்கன்" எனப்பட்டது. இந்துக்களின் கருவி என்று அது தன்னை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டது. சார்பை மறையாது கூறுதல் ஒரு நேர்மை; எனினும் சார்பைச் சொல்லிவிட்டமையால் எழுதியதெல்லாம் மெய்யாகிவிடாது.

இவ்வாறு 1889ஆம் ஆண்டில், சிறிய இக்குடாநாட்டிலே புரொட்டஸ்தாந்தருக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று, சைவருக்கு ஒன்று எனப் பத்திரிகைகள் அமைந்துவிட்டன. மூன்றையும் வாங்கி வாசித்தவன் ஊரை அறிந்தான். ஒன்றை மாத்திரம் வாசித்தவன் தன் வீட்டையே அறிந்தான்.

கிரகணமும் புராணமும்

மூன்றாவது உத்தி, மதிப்பை மாற்றுதல். இதற்கு நல்ல எடுத்துக்காட்டுப் பத்திரிகை தோன்றுமுன்னரே இங்கு நிகழ்ந்தது. 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தைப் பற்றி, பஞ்சாங்க கணிதத்திற் புகழ்பெற்ற அராலி விசுவநாத சாஸ்திரியார் ஒரு கணிப்பு வெளியிட்டிருந்தார். செமினரியில் டானியேல் பூர் பாதிரியார் தலைவராயிருந்த காலம் அது. ஐரோப்பிய முறையிற் செய்த கணக்கு நேரத்திலும் மறைவின் அளவிலும் வேறுபட்டது. கிரகண இரவிலே வானம் செமினரியின் கணக்குக்கே சாட்சி சொல்லிற்று.

இதுவரை நிகழ்ந்தது கணிதம். அதிலே தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்வதே அழகு. அதன்பின் மிஷன் பக்கத்து எழுத்துக்களில் வளர்ந்த வாதமோ வேறு. கணக்குப் பிழைத்தது, ஆகவே புராணம் பிழை, ஆகவே அப்புராணத்தைப் போற்றும் சமயமும் பிழை, ஆகவே கணக்கிற் சரியானவர்களின் சமயமே மெய். நான்கு படிகளில் முதற்படி மாத்திரமே கல்லாலானது. மற்றைய மூன்றும் அதன் உறுதியைக் கடன்வாங்கி நின்றன. தூரதிருஷ்டிக் கண்ணாடி தந்த மதிப்பைக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் இடையிலான வழக்கிலே கொண்டுபோய் இட்டார்கள்.

இங்கே ஒரு நீதியும் சொல்லவேண்டும். அதே செமினரியின் தலைவராகப் பின்னர் இருந்த ஹொய்சிங்ரன் பாதிரியார் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1854இல் அவை அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் ஏட்டில் அச்சாயின. உதயதாரகையின் ஆசிரியராய் விளங்கிய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் "பாவலர் சரித்திர தீபகம்" இயற்றி, சைவப் புலவர் பலரின் வரலாறுகளையும் அழியாமற் காத்தார். ஆகவே ஒரு பத்திரிகையின் சார்பைக் கண்டுகொண்டோம் என்பதற்காக அதிலுள்ளதெல்லாம் தள்ளத்தக்கது என முடிவுசெய்தலும் பிழையாகும். மிஷன் பாடசாலையிற் கற்றுக் கோயிலிலே கும்பிட்டு வளர்ந்த எம்போன்றோர்க்கு இவ்வுண்மை அன்றாட அனுபவம்.

நாவலர் காட்டிய மறுப்பு

எதிர்ப்பக்கம் வாளாவிருக்கவில்லை. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அவருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர் ஆறுமுக நாவலர். 1840களின் தொடக்கத்தில் உதயதாரகைக்கே பெயர் குறியாத கடிதம் ஒன்று சென்றது. அதனை எழுதியவர் இருபது வயதளவினரான ஆறுமுகமே என ஆய்வாளர் கருதுவர். கோயிலும் கிரியையும் பேய்த்தொழில் என்கின்றீர்களே, உங்கள் வேதத்திலே எருசலேமிற் சாலொமோன் கட்டிய ஆலயமும் அதன் பலிகளும் தூபதீபங்களும் என்னாயின என்பது அதன் வினா. 1854இல் வெளிவந்த "சைவதூஷண பரிகாரம்" இவ்வினாவையே விரித்து, விவிலியத்தின் இடங்களை ஒன்றொன்றாக எடுத்துக்காட்டியது. பாதிரிமார் தம் வேதத்தில் எவற்றைக் காட்டினர், எவற்றைக் காட்டாது விட்டனர் என்பதே நாவலர் பிடித்த பிடி. ஒருபக்கச் சான்றையே அடுக்கும் நான்காவது உத்திக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை. மறுப்பவன் எதிரியின் நூலை எதிரியைவிட நன்றாக வாசித்திருந்தான்.

அக்கடிதத்தைப் பாதிரிமார் பத்திரிகையே அச்சிட்டது என்பதும் நினைவில் இருக்கவேண்டும். தன்னை மறுக்கும் குரலுக்கு இடங்கொடுக்கும் பத்திரிகை, எத்துணைச் சார்புடையதாயினும், வாசகனுக்கு ஒரு கதவைத் திறந்துவைக்கின்றது.

நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பின்னர்ச் சென்னை சென்று அச்சுப்பொறி கொணர்ந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். எதிரியின் ஆயுதம் நம் கைக்கும் வந்தது. ஆயுதத்தோடு அதன் குணமும் வந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் 1867இல் "திருவருட்பா" என அச்சானபோது, திருமுறைகளுக்கே உரிய பெயர் அது என நாவலர் எதிர்த்தார். 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அருட்பா என்பார்க்கு எதிரே நம் பக்கத்தார் "மருட்பா" என்றனர். ஒரெழுத்தை முன்னே சேர்த்ததும் அருள் மருளாயிற்று. சொல்வன்மையை வியக்கலாம். ஆயினும் பாதிரியார் "அஞ்ஞானி" என்றபோது நமக்கு எது வலித்ததோ, அதே இழிபெயர் சூட்டலை ஒரு சைவத் துறவியின் பாடலுக்கு நாமும் செய்தோம். பாட்டைப் படியாமலே அதை இகழ்வதற்கு அந்த ஒரு சொல் பலருக்குப் போதுமாயிற்று.

மௌனம் என்னும் உத்தி

எழுதியதிலே உள்ள சார்பைக் கண்டுபிடித்தல் எளிது. எழுதாது விட்டதிலே உள்ள சார்பே கண்ணுக்குத் தப்புவது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மூன்று சமயத்தாரும் ஆன்மாவைப் பற்றி நிரம்ப எழுதினர். எழுதியவர் பெரும்பாலோர் கல்வியும் நிலமும் உடைய சாதியினர். கிணற்றிலே நீரள்ளவும் கோயில் வாயிலைக் கடக்கவும் உரிமை மறுக்கப்பட்டோர்க்குப் பத்திரிகை இல்லை. நாவலர் பெருமான் நம் வணக்கத்துக்குரியவர். எனினும் சாதியாசாரத்தை அவர் விட்டுக்கொடுத்தவரல்லர் என்பதும் வரலாறு. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பாடசாலைகளிலே சம ஆசனம் கொடுத்தற்கு எதிராகக் கலகம் எழுந்தது. சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசம் தடுக்கப்பட்டது. இந்நிகழ்ச்சிகளைப் பற்றிய பழைய செய்தி எதனை வாசித்தாலும் கேட்கவேண்டிய முதற் கேள்வி, வெளியே நின்றவனின் வாய்மொழி இதில் உண்டா என்பதே.

மௌனத்தின் கொடுமையை நாமும் பட்டறிந்தோம். 1981 மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களை அடுத்து யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தது. ஈழநாடு பத்திரிகையின் காரியாலயமும் எரிந்தது. அந்நாட்களிலே தென்னிலங்கைப் பெருநாளிதழ்கள் இச்செய்திக்கு இடமளிக்கவில்லை என்பது பின்னர்ப் பலராலும் சுட்டப்பெற்றது. அந்த மௌனம் நம்மை எவ்வளவு காயப்படுத்திற்று என்பதை மூத்தோர் அறிவர். அதை அறிந்த நாம் மற்றொன்றையும் கேட்கக் கடமைப்பட்டிருக்கின்றோம். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டொரு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் குரலுக்கு நாம் வாசித்த பக்கங்களில் எவ்வளவு இடம் இருந்தது? நமக்கு நிகழ்ந்த மௌனத்தை அளக்க எடுத்த கோலாலேயே நமது மௌனத்தையும் அளத்தல் வேண்டும். இரு கோல் வைத்திருப்பவன் வியாபாரத்திலும் நம்பத்தக்கவன் அல்லன்.

சித்தாந்தம் தரும் கோல்

அக்கோல் நம் கையிலேயே இருக்கின்றது. காண்டல், கருதல், உரை என அறிவுக்கு வாயிலாகும் அளவைகளைச் சைவ சித்தாந்தம் வகுத்திருக்கின்றது. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே காட்சி எனவும் அது விதிக்கின்றது. இவ்விதியைச் செய்தி வாசிப்புக்குப் பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, எழுதியவர் இதனைக் கண்டாரா, கண்டதிலிருந்து கருதினாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்று வினாவலாம். "கூட்டத்தில் நூறு பேர் இருந்தனர்" என்பது காண்டல். "மக்கள் கொதித்தெழுந்தனர்" என்பது கருதல். "நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன" என்பது உரை. சொன்னவர் எவர் என்று தெரியாத உரை. இந்த மூன்றையும் கலந்து ஒரே குரலில் எழுதும்போதே வாசகன் ஏமாறுகின்றான்.

மற்றொரு வழியையும் நம் ஆசாரியர்கள் வைத்திருக்கின்றனர். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரிலே தம் கொள்கையைக் கூறும் சுபக்கத்துக்கு முன் பரபக்கம் அமைத்தார். உலகாயதன் முதலிய பிறமதத்தார் கொள்கையை முதலிலே எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுத்தார். இன்று நாம் வாசிக்கும் செய்திக் கட்டுரையிற் பரபக்கம் உண்டா? எதிர்ப்பக்கத்தார் வாசித்தால், "ஆம், எம் கருத்து இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி அது எழுதப்பட்டிருக்கின்றதா? இல்லையாயின் அது வழக்கறிஞன் வாதம். நீதிபதியின் தீர்ப்பாக அதனைக் கொள்ளலாகாது.

எமது சங்கத்து இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒருநாள் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரண்டு பத்திரிகைச் செய்திகளை எடுத்துவைத்து ஒன்றாக வாசியுங்கள். ஒன்று தமிழ்ப் பத்திரிகையாகவும் மற்றொன்று ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்ததாகவும் இருக்கட்டும். பெயர்ச்சொற்களைக் கோடிட்டு ஒப்பிடுங்கள். ஒன்றிலே இருந்து மற்றொன்றிலே இல்லாத மனிதர் யார் என்று எழுதுங்கள். படத்தையும் தலைப்பையும் மறைத்துவிட்டுச் செய்தியை மாத்திரம் வாசித்து, உங்கள் முடிவு மாறுகின்றதா எனப் பாருங்கள். கைத்தொலைபேசியிலே நம்மவர் அனுப்பியதாயின் இருமடங்கு கவனமாகப் பாருங்கள். நமக்கு இனிக்கும் பொய்யே நம்மை எளிதில் விழுத்தும்.

மூத்தோர்க்கும் ஒரு விண்ணப்பம். வீடுகளிலே பழைய இந்துசாதனம், ஈழகேசரி, ஈழநாடு இதழ்களைக் கட்டிவைத்திருப்போர் பலர். போரிலும் இடப்பெயர்விலும் அழியாது எஞ்சியவை அவை. அவற்றைக் கறையான் தின்னவிடாது எமக்குப் படிக்கத் தாருங்கள். அக்காலத்து வழக்குகளில் நீங்கள் எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், எதனை வாசித்து அப்பக்கத்தைச் சேர்ந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாவலர் எதிரியின் வேதத்தை முழுதும் வாசித்த பின்னரே பேனாவை எடுத்தார். அவர் பெயரால் விழா எடுக்கும் நாம், நம் சொந்தப் பத்திரிகையையாவது முழுதும், விழிப்போடு வாசிப்போமாக.